ஒரு வரி தள்ளிய சிவப்பு

அந்தக் குப்பத்தில் எந்தப் பட்டியல் எழுதினாலும் முதல் வரி அம்மனுக்கு. ரேஷன் டோக்கனோ, ஏரியில் வலை போடும் முறையோ, மேலே எல்லையம்மன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் மனுஷன் பெயரைத் தொடங்க வேண்டும். அம்மன் எல்லாருக்கும் முன்னால் கடலுக்குப் போகிறவள், கடைசிப் படகும் கரையேறிய பிறகே திரும்புகிறவள் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, கோட்டைக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர்தான். ஆனால் இந்த விஷயத்தில் யாராவது அசட்டையாக இருந்தால் ஊரே சண்டைக்கு வந்துவிடும்.

வளர்மதி கம்ப்யூட்டரில் படகுப் பட்டியல் போட்டபோதும் அம்மனுக்கு ஒரு வரி ஒதுக்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படகு காணாமல் போய், அது திரும்பவில்லை என்பதே விளக்கு வைக்கிற வரைக்கும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பட்டியல் இது. யார் படகு, எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள். ஒரு படகுக்கு ஒரு வரி, வீட்டு வரிசைப்படி. புறப்படுகிறவர்கள் சொல்வதை வளர்மதி பதிவாள். முகத்துவாரத்தில் குடையை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிரவீன், படகு உள்ளே நுழைய நுழையத் தன் போனிலிருந்தே திரும்பிய நேரத்தைப் போடுவான். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். திரும்பிய நேரம் விழுந்தால் அந்தப் பெயர் பச்சையாகும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தால் பெயர் சிவப்பாகும். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட வித்தை. அதற்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று பெயர். ஊரில் அதை 'வளரு வெச்ச செவப்பு' என்பார்கள்.

ஊரில் இருந்த பழைய ஏலக்கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் பெயரும், போன பக்கமும், நிறமும் மட்டும் தெரியும்; எழுத்து சின்னதாகிவிடும் என்று நேரக் கட்டங்களை அதில் மறைத்துவிட்டிருந்தாள். திரும்புகிற படகுகள் முகத்துவாரத்திலிருந்து நேரே பழவேற்காட்டு ஏலத்துக்குப் போய்விடும், ஆட்கள் வீடு வந்து சேர சாயங்காலமாகும். அதனால் பெண்களுக்கு அந்தப் பச்சைதான் தைரியம். எழுத்துத் தெரியாதவளும் தன் வீட்டுப் பெயர் எத்தனையாவது வரி என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பச்சையாகியிருந்தால் அடுப்பு மூட்டப் போவாள்.

அம்மனுக்கும் நேரம் உண்டு. புறப்பாடு விடியற்காலை மூன்றரை, திரும்புவது மாலை ஐந்து. கடைசிப் படகு வந்ததும் அம்மன் கட்டத்தில் நேரத்தைப் போட்டு மூடுவது வளர்மதியின் வழக்கம். முந்தின நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று ஓடியதில் மறந்துவிட்டாள். ஆறு மணிக்கு, கோயிலில் விளக்குப் போடுகிற செல்வம்மாள் கொட்டகைப் பக்கம் வந்து டிவியைப் பார்த்துவிட்டாள். எல்லாப் பெயரும் பச்சை, மேலே அம்மன் மட்டும் சிவப்பு.

"இன்னாடி இது, அம்மனையே காணோம்னு ஊருக்குக் காட்டிகினு கீறியா? நல்லா இருக்குமாடி ஊரு?"

செல்வம்மாள் வாயைத் திறந்தால் லேசில் மூடுகிறவளா? தெரு முழுக்கச் சொல்லி முடித்து, விடியற்காலையில் மறுபடி வந்து நின்றாள். "அம்மன் வரிக்கு கலரே வாணாம். வெள்ளையா இருக்கட்டும். இப்பவே பண்ணு, என் கண்ணு முன்னாடி பண்ணு."

படகுகள் புறப்படுகிற நேரம். எட்டுப் பேர் எட்டுப் பக்கத்திலிருந்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மன் இரண்டாம் வரி. முதல் வரியில் தலைப்புகள். 'இரண்டாம் வரியிலிருந்து நிறம் போடு' என்று இருந்ததை 'மூன்றாம் வரியிலிருந்து' என்று வளர்மதி மாற்றினாள். சிவப்புக்கும் மாற்றினாள், பச்சைக்கும் மாற்றினாள். அம்மன் வெள்ளையானாள், செல்வம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

ஆனால் நிறம் எந்த வரியில் தொடங்குகிறது என்பது ஒரு எண். எந்த வரியின் நேரத்தைப் பார்த்து அந்த நிறம் வர வேண்டும் என்பது ஃபார்முலாவுக்குள் இருக்கிற இன்னொரு எண். இரண்டும் ஜோடி. ஒன்றை மூன்றாக்கினால் மற்றதையும் மூன்றாக்க வேண்டும். அவசரத்தில் அவள் ஃபார்முலாவைத் திறக்கவே இல்லை. உள்ளே இரண்டு இரண்டாகவே நின்றது. அந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு பெயரும் தனக்கு மேல் வரிக்காரனின் நிறத்தைப் போட்டுக்கொண்டது. யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

பதினாலாவது வரி சரவணன், வளர்மதியின் புருஷன். கூடப் போகிறவன் சந்தோஷ், பக்கத்து வீட்டுத் தெய்வநாயகியின் தம்பி. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் தெற்கே, காட்டுப்பள்ளிக்கு எதிரே போவதாகவும் பன்னிரண்டுக்குத் திரும்புவதாகவும் சொன்னார்கள். பதினைந்தாவது வரி தெய்வநாயகியின் புருஷன் கேசவன். "வடக்கால போறேன். மூணு மணி ஆவும்னு போட்டுக்கோ. நாயகி கேட்டா சொல்லிடு" என்றான். நாயகி கேட்கவில்லை, வளர்மதி சொல்லவுமில்லை.

பதினொன்றரைக்கு வாடைக் காற்று எழுந்தது. ஐப்பசியில் எழாமல் எப்போது எழும்? ஆனால் அது எழுந்த விதம் சரியில்லை. கொட்டகைத் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. ஏரித் தண்ணீரே கலங்கி நுரைத்தது, கடலைச் சொல்லவா வேண்டும்? படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்துக்குள் ஓடி வந்தன. பிரவீன் மூச்சுவிட நேரமில்லாமல் நேரத்தைப் போட்டுக்கொண்டே இருந்தான். டிவியில் பச்சை மளமளவென்று ஏறியது. பதினொன்று ஐம்பதுக்குப் பதினாலாவது வரி பச்சையானது.

"அப்பாடா" என்றாள் வளர்மதி, வாய்விட்டு. உண்மையில் உள்ளே வந்தது பதின்மூன்றாவது வரிப் படகு. சரவணனின் போனுக்கு அடித்தாள், போகவில்லை. கடலுக்குப் போன போனில் எந்த நாளில் சார்ஜ் மிச்சம் இருந்திருக்கிறது?

ஒரு மணிக்குப் பதினைந்தாவது வரி சிவப்பானது. வடக்கு, கேசவன்.

கொட்டகையில் இருந்த பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தெய்வநாயகி மட்டும் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என் சாமி, என் சாமி" என்று ஆரம்பித்துவிட்டாள்.

வளர்மதி ஷீட்டைத் திறந்து பதினைந்தாவது வரியைப் பார்த்தாள். வடக்கு என்று இருந்தது. ஒரு கட்டம் தள்ளி, அவளே தன் கையால் போட்ட மூன்று மணியும் இருந்தது. அதைப் பார்த்தாளா? சிவப்பைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? "வடக்கு, தலைவரே!" என்று கத்தினாள்.

ஊர்த் தலைவர் திருவேங்கடம் கடலோரக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். சிவப்பு விழுந்தால் போவதற்கென்றே டீசல் ஊற்றி நிறுத்தியிருந்த மூன்று படகுகளில் ஆட்கள் தாவி ஏறினார்கள். ஒன்றே காலுக்கு மூன்றும் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே திரும்பின.

"சந்தோஷு வந்துட்டான் இல்ல? அவனையும் கூட அனுப்புடி" என்று தெய்வநாயகி வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் மாமனுக்காக உசுர குடுப்பான். போன் போடு அவனுக்கு."

போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"எங்கனா பழவேற்காட்டுல டீ குடிச்சிகினு பல்ல இளிச்சிகினு இருப்பான், எடுபட்ட பையன். இங்க அக்கா தாலி ஊசலாடிகினு கீது." அழுகைக்கு நடுவிலும் தம்பியைத் திட்டுவதற்குத் தெய்வநாயகிக்கு இடம் இருந்தது.

"ஒன்னும் ஆவாதுக்கா. மூணு போட்டு போய்கீது, எப்படியும் பாத்துடுவாங்க" என்று வளர்மதி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். தன் ஆள் கரையேறிவிட்டான் என்கிற நிம்மதி உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி இப்படித் துடிக்கும்போது நமக்கு மட்டும் நிம்மதியா என்று தன்னையே கடிந்துகொண்டு, அவள் முதுகை இன்னும் கொஞ்சம் தடவிக் கொடுத்தாள்.

ஒன்று ஐம்பதுக்குப் போன் வந்தது. தேடிப் போன படகிலிருந்து ஒருவன் காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்தினான். "கேசவன் கெடைச்சிட்டான்! கல்லு மாதிரி கீறான். வலை வலிச்சிகினு இருந்தான். எதுக்குடா வந்தீங்கனு எங்களைத் திட்றான்!"

கொட்டகையே சிரித்தது. தெய்வநாயகி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். செல்வம்மாள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றப் போனாள். யாரோ ஒருத்தி எல்லாருக்கும் டீ போட்டாள். இரண்டு பத்துக்கு நான்கு படகுகளும் சேர்ந்தே உள்ளே வந்தன. கேசவன் நனைந்த கைலியோடு கொட்டகைக்குள் நுழைந்து, "மூணு மணினு சொன்னேனே வளரு, எழுதலியா நீ?" என்றான்.

"எழுதனேன்ணா."

எழுதித்தான் இருந்தாள். பதினைந்தாவது வரியில் மூன்று மணி இருந்தது. அப்படியானால் ஒரு மணிக்கு ஏன் சிவப்பானது? வளர்மதி டிவியைத் திரும்பிப் பார்த்தாள். கேசவன் எதிரே முழு ஆளாக நிற்கிறான். பிரவீன் அவன் திரும்பிய நேரத்தையும் போட்டுவிட்டான். ஆனால் கேசவன் பெயர் இன்னமும் சிவப்பாகவே இருந்தது. அதற்கு அடுத்த வரி பச்சையாகியிருந்தது. அது முத்தம்மாள் வீட்டுப் படகு. இன்ஜினைக் கழற்றிப்போட்டு நாலு நாளாக மணலில் கவிழ்ந்து கிடக்கிற படகு. கடலுக்கே போகாத படகு எப்படித் திரும்பி வரும்?

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நிறம் போடுகிற விதியைத் திறந்தாள். நிறம் தொடங்குவது மூன்றாம் வரி. ஃபார்முலாவுக்குள்ளே இரண்டு. காலையில் மாற்றியது ஞாபகம் வந்தது, மாற்றாமல் விட்டதும் ஞாபகம் வந்தது. கேசவன் வரியில் இருக்கிற சிவப்பு கேசவனுடையது இல்லை. மேல் வரிக்காரனுடையது. மேல் வரியில் யார் என்று அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தாள். சரவணன். தெற்கு. திரும்புவது பன்னிரண்டு மணி. திரும்பிய நேரக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

பிரவீனுக்குப் போன் போட்டாள். "டேய், சரவணன் மாமா எப்ப உள்ள வந்தாரு?"

"மாமாவா? இன்னும் வரலியேக்கா. அதான் எல்லாருக்கும் டிவியில தெரியுமே, தேட போயிருப்பாங்கனு நெனச்சேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஒரு மணி பத்து நிமிஷம் ஊரே வடக்கைப் பார்த்து அழுதிருக்கிறது. தெற்கே இரண்டு பேரைக் காணோம் என்று ஒரு நாய்க்குக்கூடத் தெரியவில்லை. வளர்மதி எழுந்தாள், நாற்காலி பின்னால் விழுந்தது.

"தலைவரே! அண்ணனுக்கு இல்ல செவப்பு! எங்க வூட்டுக்காரருக்கு! சரவணனுக்கு! தெக்க, தெக்க போங்க!"

டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. திருவேங்கடம் டிவியைப் பார்த்தார். "அவன் பச்சையா கீறானேம்மா."

"தப்பு! எல்லாம் ஒரு வரி தள்ளி கீது! கம்ப்யூட்டரு..." ஒரு கணம் நின்றாள். "கம்ப்யூட்டரு தப்பா காட்டிடிச்சி."

அப்படித்தான் சொன்னாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னது இல்லை. வாயில் முதலில் வந்தது அது. வந்த பிறகு திரும்ப எடுக்கவும் இல்லை.

திரும்பி வந்த மூன்று படகிலும் டீசல் பாதிக்கு இறங்கியிருந்தது. கேன்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேசவன் கைலியைக்கூட மாற்றாமல் முதல் படகில் ஏறினான். கடலில் கிடப்பதில் ஒருவன் அவன் மச்சான். இரண்டரைக்கு மூன்றும் தெற்கே திரும்பின.

இப்போது தெய்வநாயகி அழவில்லை. அழுது தீர்த்த கண்ணில் என்ன மிச்சம் இருக்கும்? கரையில் வளர்மதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ அழுவாத. மிஷினு பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? எனக்கு மடிய குடுத்தியே, உன் ஆளு அங்க தத்தளிக்கிறது தெரியாம எனக்கு மடிய குடுத்தியே. ரெண்டு பேருமே கெட்டிக்காரனுங்க. வந்துடுவாங்க."

வளர்மதிக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அக்கா, மிஷின் இல்லை, நான்தான். ஆறு வார்த்தைகூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கை இருக்காது. இந்தக் கை இல்லாமல் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியாது. இரண்டு பேரும் உயிரோடு வந்துவிட்டால் அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அம்மா, தாயே, உன் வரியை வெள்ளையாக்கத்தானே செய்தேன், நீ பார்த்துக்கொள் என்று வேண்டவும் வேண்டினாள். வேண்டுதலிலும் அம்மன் மேல் பழியைப் போடப் பார்க்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதல் படகு தெரிந்தது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். படகில் கேசவன் தெரிந்தான். அவன் மேல் சாய்ந்து, உடம்பெல்லாம் சிராய்ப்பும் உப்புமாகச் சரவணன் தெரிந்தான். வேறு யாரும் தெரியவில்லை.

"சந்தோஷு பின்னாடி போட்டுல வரான்" என்றாள் தெய்வநாயகி. "பின்னாடி போட்டுல வரானா?" என்று புருஷனைக் கேட்டாள். கேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ரெண்டு போட்டு அங்கியே நின்னு தேடிகினு கீது" என்றான்.

சரவணனைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. சுற்றி நின்ற கூட்டத்தில் தேடி வளர்மதியைக் கண்டுபிடித்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை. புரியாமல் கேட்கிறவன் பார்வை அது.

"வளரு, ஒரு மணிக்கு செவப்பாயிருக்குமே. ஏன் யாரும் வரல?"

கேட்டுவிட்டு அவனே தொடர்ந்தான்.

"பதினொன்னே முக்காலுக்கு கவுந்திச்சி. கவுந்த போட்ட புடிச்சிகினு தொங்கனோம். கரை தெரிஞ்சிது. நான் நீந்திப் போய் ஆள கூட்டியாறேன்னான் சந்தோஷு. போவாதடா, வளரு உக்காந்துகினு கீறா, ஒரு மணிக்கு செவப்பாவும், ரெண்டுக்குள்ள ஆளு வந்துடும்னு நான்தான் அவன் சட்டைய புடிச்சி வெச்சேன். அவன் கையில வாட்ச்சு ஓடிகினு இருந்திச்சி. ஒன்னு ஆச்சுண்ணா, செவப்பாயிருக்கும்னான். ஒன்ற ஆச்சுண்ணா, கெளம்பியிருப்பாங்கன்னான். ரெண்டு வரைக்கும் சொல்லிகினே இருந்தான். ரெண்டேகாலுக்கு கை மரத்துப்போய்..." அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புடிச்சேன் வளரு. சட்டைதான் கெடைச்சிது."

கூட்டத்தில் ஒருத்தி ஓவென்று கத்தினாள். திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டார். "பாழாப்போன கம்ப்யூட்டருப்பா. தப்பா காட்டிடிச்சி. உனக்கு பதிலா கேசவன காட்டிடிச்சி. நாங்க வடக்க போயிட்டோம்."

சரவணன் கேட்டுக்கொண்டான். கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினான். எல்லாரும் அதை நம்பினார்கள். நாளைக்கும் நம்புவார்கள், பத்து வருஷம் கழித்தும் நம்புவார்கள். வளர்மதி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தெய்வநாயகி அவள் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். அந்தப் பிடியை வளர்மதியால் தாங்க முடியவில்லை.

"கம்ப்யூட்டரு இல்ல" என்றாள். "ஒரு மணிக்கு செவப்பாச்சி. சரியா ஆச்சி. அண்ணன் பேர்ல ஆச்சி. உன் பேரு பச்சையா இருந்திச்சி. காலையில அம்மன் வரிய வெள்ளையாக்க ஒரு எண்ண மாத்தனேன். கூடவே மாத்த வேண்டிய இன்னொரு எண்ண வுட்டுட்டேன். நான்தான். அண்ணன் வரியில மூணு மணின்னு என் கண்ணு முன்னாடி இருந்திச்சி, அதையும் பாக்கல. கம்ப்யூட்டரு நான் சொன்னதத்தான் செஞ்சிது."

காற்று அடங்கியிருந்தது. தெய்வநாயகி அவளைப் பார்த்தாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சாதாரணமாக ஒரு விஷயம் தெரிந்துகொள்வதற்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்த இன்னொரு எண்ண மாத்த எம்மா நேரம் ஆவும்டி?"

"ஒரு நிமிஷங்கூட ஆவாதுக்கா."

தெய்வநாயகி அவள் கையை விட்டாள். விட்டுவிட்டு எழுந்து, தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தாள்.